எட்டாவது தோட்டா எங்கே?

"பாஸ், கையை வெளிய எடுங்க! அடியில ஏதோ ஓடுது!"

ஆர்லோ கத்தியபோது வெர்னா ஸ்டாடர்ட் குப்புறப் படுத்திருந்தாள். வலது கை தோள்வரை மரப்பலகைக்கு அடியில். பலகையின் மேல் ஆளுயரத்துக்குக் கோழித் தீவன மூட்டைகள்.

"எத்தனை கால்ல ஓடுது?"

"எண்ணிப் பார்க்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்ல."

"எட்டுக் கால்னா தேள். கேஸுக்குச் சம்பந்தமில்லாத பிராணி. நீ அடுத்த மூட்டையைத் தூக்கு."

"இதோட நாப்பத்தோரு மூட்டை ஆச்சு. துப்பறியுற வேலைன்னு சொல்லித்தான் என்னைச் சேத்துக்கிட்டீங்க. சுமை தூக்குற வேலைன்னா கூலியாவது ஒழுங்கா கேட்டிருப்பேன்."

வாசலில் ஹாரன் அலறியது. தரையைக் கழுவ வந்த நிறுவனத்து ஆட்கள். காலை ஏழு மணிக்குக் கடை அவர்கள் கைக்குப் போய்விடும். வெர்னாவின் கடிகாரத்தில் ஆறு ஐம்பத்தைந்து.

ஐந்து நிமிடம். ஒரு தோட்டா.

பன்னிரண்டு நாளுக்கு முன், ஒரு திங்கட்கிழமை மாலை, கடை அடைக்கிற நேரத்தில், பின்கதவு வழியாக முகத்தில் துணி கட்டிய ஒருவன் உள்ளே வந்தான். டேல் ரென்னர், இருபத்து நான்கு வயது, கல்குவாரித் தொழிலாளி. மூன்று குண்டுகள். மார்பில் இரண்டு, நெற்றியில் ஒன்று. சுட்டது தான்தான் என்று கடை முதலாளி வாரன் எக்கல்ஸ் அப்போதே ஒப்புக்கொண்டார். அறுபத்தோரு வயது. காப்பர் வாஷ் துப்பாக்கி கிளப்பின் தலைமை நடுவர்.

கொள்ளையனைச் சுட்டால் அரிசோனாவில் கைகுலுக்கி விட்டுப் போகிறவர்களே அதிகம். ஆனால் டேலிடம் ஒரு பேனாக்கத்திகூட இல்லை. அதைவிட மோசமான விஷயம், ஷெரீஃபின் ஆட்கள் வந்தபோது வாரனின் துப்பாக்கி காலியாக, சமர்த்தாக இடுப்புறையில் இருந்தது. மேகசின் தனியாக மேஜைமேல். அதில் ஏழு தோட்டா.

'பயந்து சுட்டவன் கை நடுங்கும். இவர் சுட்டார், துப்பாக்கியைக் காலி செய்தார், உறையில் போட்டார். இது தற்காப்பு இல்லை, மரண தண்டனை' என்றார் அரசு வக்கீல். பன்னிரண்டு வருடச் சிறைக்கு ஒப்புக்கொண்டால் அதோடு முடித்துக்கொள்வதாகவும் சொன்னார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாரன் அந்தத் தாளில் கையெழுத்துப் போடப்போகிறார். தன் வக்கீலிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "நான்தான் கொன்னேன், விட்டுடுங்க."

வக்கீல் விடவில்லை. வெர்னாவைக் கூப்பிட்டார்.

"திரும்பக் கணக்குப் போடு, ஆர்லோ."

"மேகசின்ல பத்து, குழாய்க்குள்ள ஒண்ணு. துப்பாக்கிப் போட்டிக்காரங்க எப்பவும் இப்படித்தான் நிரப்புவாங்க. மூணு சுட்டாச்சு. மிச்சம் எட்டு. ஏழு இருக்கு. எட்டாவது எங்க?"

"போட்டியில ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் நடுவர் என்ன சொல்வார்?"

"முடிஞ்சுதா, காலி பண்ணிக் காட்டு."

"அப்ப மேகசினை உருவி, குழாய்க்குள்ள இருக்கிறதை வெளிய தட்டி, உறையில போடுவாங்க. வாரத்துக்கு நூறு தடவை. நெஞ்சில ஈரமே இல்லாததால இல்ல, கை பழகினதால. தட்டின அந்தத் தோட்டா இந்தத் தரையில கிடைச்சா, இது பழக்கம்னு நான் ஜூரிக்குக் காட்டலாம்."

கடைசி மூட்டை நகர்ந்தது. தூசி, சோளம், செத்துப்போன ஒரு பல்லி. தேள் இன்னும் உயிரோடிருந்தது.

தோட்டா இல்லை.

வெர்னா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். முகத்தில் ஏமாற்றம் இல்லை. அதுதான் ஆர்லோவுக்குப் பயமாக இருந்தது.

"தரையில விழலைன்னா காத்துலயே பிடிச்சிருக்காங்க" என்றாள். "சிலர் ஸ்டைலுக்கு அப்படிப் பண்ணுவாங்க. வலது கையில துப்பாக்கி, இடது கையால மேல்மூடியைப் பின்னால இழுத்து, மேல எகிறுற தோட்டாவை அதே கையால லபக்."

"அப்போ வாரன் பிடிச்சிருப்பார்."

"வாரனோட இடது கையைப் பாத்திருக்கியா?"

ஆர்லோ யோசித்தான். பதினான்கு வருடத்துக்கு முன் வைக்கோல் கட்டும் இயந்திரம் அந்தக் கையிலிருந்து மூன்று விரல்களை எடுத்துக்கொண்டிருந்தது.

"அவர் காபி கோப்பையையே ரெண்டு கையால பிடிப்பாரே, பாஸ்…"

"வண்டியை எடு."

*

கிளப் மைதானத்தில் சனிக்கிழமைப் போட்டி எட்டு மணிக்கே சூடாகியிருந்தது. வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். மண்மேடுகளுக்கு நடுவே பழைய கதவுகள், பீப்பாய்கள், அவற்றின் பின்னால் அட்டை மனிதர்கள். நெஞ்சில் கறுப்புக் கை வரைந்த அட்டை அப்பாவி. அதைச் சுட்டால் ஐந்து விநாடி அபராதம். மற்றதெல்லாம் எதிரி.

பீப்!

டைமர் கூவிய நொடியில் ஒரு தொப்பைக்காரர் மேல்சட்டையை விலக்கித் துப்பாக்கியை உருவினார். டப்டப். டப்டப். பீப்பாய்க்குப் பின் பதுங்கினார், மேகசின் மாற்றினார், மீண்டும் டப்டப்.

"முடிஞ்சுதா? காலி பண்ணிக் காட்டு!"

தட்டினார். பித்தளை மினுங்கியபடி தோட்டா புழுதியில் விழுந்தது. வெர்னா வேலியோரம் நின்று எண்ணினாள். அடுத்தவர், புழுதி. அதற்கடுத்தவர், புழுதி.

"இந்த டான்ஸ் ஸ்கூல் எப்படி இருக்கு?"

பக்கத்து மண்மேட்டிலிருந்து குரல். லைல் காண்ட்ரி. முன்னாள் போலீஸ். அங்கே வாடகைக்கு இடம் பிடித்து 'நிஜச் சண்டை' வகுப்பு நடத்துகிறவர். மடக்கு நாற்காலியில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இவங்க பக்கமே வரமாட்டீங்கன்னு கேள்விப்பட்டேன், மிஸ்டர் காண்ட்ரி" என்றாள் வெர்னா.

"வேடிக்கை பாக்க வரி கிடையாதே, மேடம். தற்காப்புப் போட்டின்னு பேரு. எந்த அட்டை எங்க நிக்குது, எத்தனை குண்டு, எல்லாம் முன்னாடியே படிச்சுக் காட்டிடுவாங்க. ஊரெல்லாம் அட்டவணை போட்டுத் தாக்குற எதிரியை நான் பாத்ததில்ல."

"உங்க வகுப்புல?"

"சாயத் தோட்டா. பட்டா சாயம் மட்டும் ஒட்டும். உயிருள்ள ஆள் உள்ள வருவான். திருடனா, வழி தப்பின குடிகாரனான்னு நீயே முடிவு பண்ணணும். பத்துல ஏழு பேர் முதல் நாள் தப்பான ஆளைச் சுட்டுட்டு அழுவாங்க. இங்க யாரும் அழறதில்ல. பீர்தான் குடிக்கிறாங்க."

"பீர் குடிச்சிட்டும் அழலாம். நான் பண்ணியிருக்கேன்" என்றான் ஆர்லோ.

லைல் சிரிக்கவில்லை. விதைத் தோலைத் துப்பினார். "ஒரு மாசம் முன்னாடி வாரனை எல்லார் முன்னாடியும் இதே கேள்வி கேட்டேன். உன் ஆளுங்களுக்குச் சுடத் தெரியும், சுடாம இருக்கத் தெரியுமான்னு. மனுஷன் முகம் செத்துப்போச்சு. அவசியமில்லாத வாய் எனக்கு." விதைப் பையை மடித்து வைத்தார். "இப்போ அவர் ஜெயில்ல இருக்கார். எனக்குத் தூக்கம் வரல."

பீப்!

வெர்னா திரும்பினாள். சுடும் கோட்டில் ஒரு பெண் நின்றிருந்தாள். வாரனின் கடையில் பத்து வருடமாக வேலை பார்க்கிற ஷெல்பி ரூயிஸ். இருபத்தொன்பது வயது, இரண்டு முறை மாநில சாம்பியன். இன்று அவள் கை தாமதித்தது. ஒரு குண்டு அட்டையைத் தொடாமலே போனது. கூட்டம் 'ஐயோ' என்றது.

"முடிஞ்சுதா? காலி பண்ணிக் காட்டு!"

அவள் இழுத்தாள். தோட்டா தலைக்குமேல் எகிறியது. இடது கை தானாகப் போய் அதை லபக்கென்று பிடித்தது. பிறகு அவள் விரித்த உள்ளங்கையைப் பார்த்தாள், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

"பாஸ்" என்றான் ஆர்லோ மெதுவாக. இந்த முறை ஜோக் எதுவும் வரவில்லை.

*

ஷெல்பி தன் பிக்கப் வண்டியின் பின்பலகையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெர்னா பக்கத்தில் போய் அமர்ந்தாள். நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எட்டாவது தோட்டாவை என்ன பண்ணினே, கண்ணு?"

ஷெல்பி மறுக்கவில்லை, எழுந்து ஓடவுமில்லை. ஜீன்ஸ் பையில் கைவிட்டு எடுத்துப் பலகையில் வைத்தாள். பன்னிரண்டு நாள் விரல்பட்டுத் தேய்ந்த பித்தளை பளபளவென்றிருந்தது.

"தூக்கிப் போடத்தான் நினைச்சேன். கை வரல. மாமாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்." அவள் வாரனை மாமா என்றுதான் கூப்பிடுவாள், ரத்த சம்பந்தம் இல்லாவிட்டாலும்.

"என்ன சத்தியம்?"

"வாயைத் திறக்க மாட்டேன்னு. 'போனது ஒரு திருட்டுப்பய, அதுக்காக நீ ஏன் போகணும், நான் வாழ்ந்து முடிச்சவன்'னாரு."

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"கடையில வேலை நேரத்துல எங்களுக்குத் துப்பாக்கி கட்ட அனுமதி கிடையாது. கல்லாவுக்கு அடியில ஒண்ணு இருக்கும், அவ்வளவுதான். அன்னைக்கு மத்தியானம் பயிற்சி பண்ணிட்டு நேரா வந்தேன். சட்டைக்கு அடியில இருந்ததைக் கழட்ட மறந்துட்டேன்." அவள் வேலிப் பக்கம் பார்த்தாள். "கடையோட பின்கதவைத் திறந்தா ஒரு சத்தம் வரும். கேட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"பீப்."

வேலிக்கு அப்பால் டைமர் கூவியது. ஷெல்பியின் வலது கை இடுப்புக்குப் போய்ப் பாதியில் நின்றது. அவள் அதை இடது கையால் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள்.

"பாத்தீங்களா? அன்னைக்கும் இதேதான். நான் முடிவு பண்ணவே இல்ல மேடம். பீப் கேட்டுச்சு. கண்ணு நிமிரும்போது துப்பாக்கி வெளிய வந்தாச்சு. ரெண்டு உடம்பு, ஒண்ணு தலை. நெஞ்சில கறுப்புக் கை இருக்கான்னுதான் தேடினேன். அவன் நெஞ்சில இல்ல. ஏழு வருஷமா அட்டையைச் சுட்டேன், சுடலாமா வேண்டாமான்னு ஒரு தடவைகூட யாரும் என்னைக் கேட்டதில்ல."

ஆர்லோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"அப்புறம்?"

"மாமா அலமாரிக்குப் பின்னாலேர்ந்து ஓடி வந்தாரு. அலறினாரு. அலறினது என்ன தெரியுமா? 'முடிஞ்சுதா, காலி பண்ணிக் காட்டு'ன்னு. வேற வார்த்தையே அவருக்கு வரல. நானும் காலி பண்ணினேன், பிடிச்சேன். அவர் என் துப்பாக்கியை உறையோட வாங்கித் தன் இடுப்புல மாட்டிக்கிட்டாரு. எங்க கிளப்புல எல்லாருக்கும் ஒரே மாடல்தான், யாருக்கும் சந்தேகம் வரல. என்னை முன்வாசல் வழியா வீட்டுக்குத் துரத்திட்டாரு."

"அதுக்கு முன்னாடி அவன்கிட்ட போனாரா?"

"போனாரு. மண்டி போட்டாரு. கழுத்துல நாடி பாத்தாரு. அப்புறம் அவன் காதுலேர்ந்து…" அவள் நெற்றியைச் சுருக்கினாள். "ரெண்டு காதுலேர்ந்தும் ஆரஞ்சு கலர்ல ஏதோ எடுத்துப் பையில போட்டுக்கிட்டாரு. அப்போ எனக்குப் புரியல. இப்பவும் புரியல."

வெர்னா அந்தத் தோட்டாவை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினாள். "நாளை மறுநாள் ஒன்பது மணி வரைக்கும் யார்கிட்டயும் பேசாதே. தனியா இருக்காதே. உங்க அக்கா வீட்டுக்குப் போ. அங்கேர்ந்து எனக்கு போன் பண்ணு."

வண்டி கிளம்பியதும் ஆர்லோ ஸ்டியரிங்கைத் தட்டினான். "ஜெயிச்சுட்டோம் பாஸ்! நம்ம ஆள் சுடவே இல்ல. திங்கட்கிழமை தாளைக் கிழிச்சுப் போடலாம். ஆனா ஜெயிச்ச மாதிரி ஏன் இல்ல?"

"திருடனுக்குக் காதுதான் காவல்காரன், ஆர்லோ. எவனாவது காதை அடைச்சுக்கிட்டுத் திருட வருவானா?"

"குவாரிக்காரன். வேலையில அடைச்சது, எடுக்க மறந்திருப்பான்."

"அப்படின்னா போலீஸ் பாத்துட்டுப் போகட்டும்னு வாரன் விட்டிருப்பார். ஏன் எடுத்து ஒளிச்சார்?"

ஆர்லோ மாவட்டச் சிறைக்குப் போகும் சாலையில் வண்டியைத் திருப்பினான்.

*

மாவட்டச் சிறையில் வக்கீல் அறை. பேச்சைப் பதிவு செய்கிற கருவி அங்கே கிடையாது. வாரன் எக்கல்ஸ் சிறை உடையில் இன்னும் ஒல்லியாகத் தெரிந்தார். ஏழு விரல்களையும் மேஜைமேல் வைத்திருந்தார்.

வெர்னா கைக்குட்டையைப் பிரித்தாள்.

வாரன் தோட்டாவைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். "அந்தப் பொண்ணை விட்டுடு, வெர்னா. எனக்குப் பன்னிரண்டு வருஷம் போதாதுன்னுதான் நான் நினைக்கிறேன். அவளுக்கு ஒரு நாள்கூட அதிகம்."

"அவ சட்டப்படி தப்பிக்கலாம். முகத்தை மூடின ஆள், கடை அடைக்கிற நேரம். எந்த ஜூரியும் அவளைத் தண்டிக்காது. அது உங்களுக்கும் தெரியும். அப்புறம் ஏன் நீங்க ஏத்துக்கிட்டீங்க?"

வாரன் பார்வையைக் கதவுப் பக்கம் திருப்பினார்.

"நேத்து டேலோட அம்மாவைப் பாத்தேன், வாரன். தேவாலயத்துல அவங்க உக்கார்ற பெஞ்சில இப்போ வேற யாரும் உக்கார்றதில்லையாம். திருடனைப் பெத்தவன்னு பேரு. ஹாலில மாட்டியிருந்த மகன் படத்தை அவங்களே இறக்கி வச்சிருக்காங்க."

வாரன் தோட்டாவை ஒரு விரலால் தள்ளி வைத்தார்.

"காதுல அடைச்சிருந்தானே," வெர்னா குரலைத் தாழ்த்தினாள், "அது எதுக்கு? துப்பாக்கிச் சத்தம் கேக்கும்னு அவனுக்கு முன்னாடியே தெரியும். சத்தம் மட்டும் கேக்கும், குண்டு வராதுன்னு யாரோ அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்காங்க."

ஆர்லோ சுவரோடு ஒட்டி நின்றான்.

"கல்லாவுக்கு அடியில இருந்த துப்பாக்கியை மாத்தி வச்சேன்" என்றார் வாரன் கடைசியில். "சாயத் தோட்டா போட்டது. தபால்ல வரவழைச்சேன். அன்னைக்கு அவ இடுப்புல நிஜமானது இருக்கும்னு எனக்குத் தெரியாது. போலீஸ் வர்றதுக்குள்ள சாயத் துப்பாக்கியை என் வண்டி டூல் பாக்ஸுக்குள்ள போட்டேன். இப்பவும் அங்கதான் இருக்கு."

"லைலுக்குப் பதில் சொல்லணும்னு."

"என் பிள்ளைங்களுக்குச் சுடாம இருக்கத் தெரியும்னு காட்டணும்னு. எல்லாரையும் விட அவளை நம்பினேன். அவதான் ஒருத்தி, தப்பவே மாட்டான்னு." அவர் இடது கையின் மிச்ச விரல்களை வலது கையால் மூடிக்கொண்டார். "டேல் அவன் அம்மாவோட கோழிகளுக்குத் தீவனம் வாங்க வருவான். சாதுவான பையன். விளையாட்டுன்னதும் சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டான். வெர்னா, அவனைத் திருடன்னு நினைச்சாத்தான் அவளால தூங்க முடியும். திருடனைச் சுட்டவ பொழைச்சுக்குவா. இதைத் தெரிஞ்சுக்கிட்டவ பொழைக்க மாட்டா. அதனாலதான் அந்தப் பையன் பேரையும் சேத்துப் புதைச்சேன்."

"அவன் அம்மா?"

"அதுக்குத்தான் பன்னிரண்டு வருஷம் போதாதுன்னேன்."

வெர்னா மேஜையில் இருந்த தோட்டாவை எடுக்கவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உள்ள வந்த டேல் அவளைப் பயமுறுத்தினானா? பாஞ்சானா? பாக்கெட்ல கை விட்டானா? அதை வச்சாவது அவளுக்கு நான் ஏதாவது சொல்ல முடியும்."

வாரன் இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் கண்ணில் இதுவரை வராத கண்ணீர் இப்போது வந்தது.

"அலமாரிச் சந்து வழியா நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு கையும் தலைக்கு மேல இருந்துச்சு. ரெண்டு உள்ளங்கையும் விரிஞ்சு இருந்துச்சு. கதவைத் திறக்கும்போதே கையைத் தூக்கிடு, அவ நிச்சயமா சுடமாட்டான்னு அவனுக்குச் சொல்லி அனுப்பினதே நான்தான்."